386 பென்டியம் ஆன கதை

1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி இன்டெல் நிறுவனம் தன் புதிய நுண்செயலியை வெளியிட்டது. அதற்கு முன் வந்தவை 8086, 286, 386, 486 என்று படிப்படியாக ஏறி வந்த எண்கள். எனவே அடுத்தது 586 தான் என்று கணினித் துறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதி வந்தன. ஆனால் வந்த பெயர் 'பென்டியம்'.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்களையே வைத்துப் பிழைத்த ஒரு நிறுவனம் ஏன் திடீரென்று பெயருக்கு மாறியது? அழகுக்காக அல்ல. ஒரு நீதிமன்றத் தீர்ப்புதான் காரணம். அந்தத் தீர்ப்பு வரக் காரணமாக இருந்தது இன்டெலே நடத்திய வியாபார முறை. தொழில்நுட்ப நிறுவனங்கள் பெயரை வைத்து எப்படி வியாபாரம் செய்கின்றன, அந்தப் பெயரே சில சமயம் அவர்களை எப்படிச் சிக்க வைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

எண்களின் காலம்

ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் தொடங்கிய நிறுவனம் இன்டெல். இருவர் பெயரையும் சேர்த்து 'மூர் நாய்ஸ்' என்று வைத்திருந்தால் ஆங்கிலத்தில் 'அதிக இரைச்சல்' என்று காதில் விழும். மின்னணுச் சாதனம் செய்யும் கம்பெனிக்கு அதைவிட மோசமான பெயர் இருக்க முடியாது! 'இன்டகிரேட்டட் எலக்ட்ரானிக்ஸ்' என்ற இரு சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்து இன்டெல் என்று வைத்தார்கள். ஆக, நிறுவனத்தின் பெயரில் ஆரம்பத்திலேயே கவனமாகத்தான் இருந்தார்கள். பொருள்களின் பெயரில்தான் அந்தக் கவனம் இல்லை.

பொருள்களுக்கு நான்கு இலக்க எண்கள். முதல் இலக்கம் தயாரிப்பு முறையையும், இரண்டாவது இலக்கம் அந்தச் சில்லு செய்யும் வேலையையும், கடைசி இரண்டும் வரிசை எண்ணையும் குறித்தன. கிடங்கில் பெட்டிகளை அடுக்கி வைப்பவர்களுக்கு வசதியான முறை. 1970இல் வந்த 1103 என்ற நினைவகச் சில்லு இப்படிப் பெயர் பெற்றதுதான்.

ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் கணக்குப்பொறிக்காகக் கேட்ட நான்கு சில்லுகளை இன்டெல் வடிவமைத்தபோது, வழக்கமான முறைப்படி அவற்றுக்கு 1302, 1105, 1507, 1202 என்ற எண்கள் வந்திருக்க வேண்டும். வடிவமைப்பை முன்னின்று நடத்திய ஃபெடெரிகோ ஃபாஜின் இதை விரும்பவில்லை. நான்கும் ஒரே குடும்பம் என்பது அந்த எண்களைப் பார்த்தால் தெரியாது என்பது அவர் வாதம். எனவே 4001, 4002, 4003, 4004 என்று வைத்தார். 1971 நவம்பரில் வெளிவந்த அந்த 4004தான் கடையில் விலைக்குக் கிடைத்த முதல் நுண்செயலிகளில் புகழ்பெற்றது. அதில் இருந்தவை சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள்.

4004 ஒரு நேரத்தில் 4 பிட்களைக் கையாண்டது. அடுத்து வந்தது 8 பிட். அதற்கு உள்ளுக்குள் வழங்கிய எண் 1201. ஆனால் வெளியே வந்தபோது அதன் பெயர் 8008. நாலுக்கு இரட்டிப்பு எட்டு, அவ்வளவுதான் கணக்கு. பிறகு 1974இல் 8080, 1976இல் 8085, 1978இல் 8086. 8085இன் கடைசி 5, அந்தச் சில்லுக்கு 5 வோல்ட் மின்சாரம் மட்டும் போதும் என்பதைக் குறித்தது. படிக்கத் தெரிந்தவனுக்கு எண்ணிலேயே ஒரு செய்தி இருந்தது.

அந்தக் காலத்தில் இது இன்டெலின் வழக்கம் மட்டுமல்ல, துறை முழுவதன் வழக்கம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 7400 வரிசை, ஃபேர்சைல்டின் 741, சிக்னெடிக்ஸின் 555 ஆகியவற்றை மின்னணுவியல் படித்த எவரும் அறிவார்கள். 555 என்றால் டைமர். அதை யார் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பல நிறுவனங்கள் அதே எண்ணில் அதே சில்லைச் செய்தன. பொறியாளருக்கு இது பெரிய வசதி. ஒரு கடையில் கிடைக்காவிட்டால் இன்னொரு கடையில் அதே எண்ணைக் கேட்டு வாங்கலாம். கால்கள் பொருந்தும், வேலையும் அதேதான். அதாவது எண் என்பது ஒரு பொருளின் வகையைச் சொன்னது, செய்தவரின் பெயரைச் சொல்லவில்லை. பின்னால் வந்த எல்லா வம்புக்கும் இந்த ஒரு விஷயம்தான் வேர்.

ஐ.பி.எம். போட்ட நிபந்தனை

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. அதற்குள் இருந்தது இன்டெலின் 8088. இன்டெலுக்கு அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் ஐ.பி.எம். ஒரே ஒரு கம்பெனியை நம்பித் தன் கணினியைச் செய்யத் தயாராக இல்லை. அந்தக் கம்பெனியின் ஆலையில் ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது? ஆகவே இரண்டாவதாக ஒருவர் அதே சில்லைச் செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை.

அப்படி வந்து சேர்ந்தது ஏ.எம்.டி. 1982இல் இரு நிறுவனங்களும் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. 8086, 8088, 80286 ஆகியவற்றை ஏ.எம்.டி.யும் தயாரித்தது. வேறு சில நிறுவனங்களும் உரிமம் பெற்றுச் செய்தன. எல்லார் சில்லின் மீதும் அதே எண் அச்சாகியிருந்தது.

இதில் இன்டெலுக்கு லாபம் உண்டு. சில்லு எளிதாகக் கிடைத்ததால் அதன் வடிவமே உலகத் தரமாகிவிட்டது. மோட்டோரோலாவின் 68000 போன்ற நல்ல செயலிகள் சந்தையில் இருந்தும் ஐ.பி.எம். வகைக் கணினிகளின் உலகம் இன்டெலின் வழியில் போனது. ஆனால் பத்தாண்டுகள் இப்படி ஓடியதில் வாங்குபவர் மனதில் ஒன்று பதிந்துவிட்டது. '286' என்பது ஒரு வகைக் கணினி. அது இன்டெலின் சொத்து என்று யாரும் நினைக்கவில்லை.

1985 அக்டோபரில் 80386 வந்தபோது இன்டெல் பாதையை மாற்றியது. இந்தச் சில்லை ஏ.எம்.டி.க்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. 2,75,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 32 பிட் செயலி அது. 1986இல் காம்பேக் நிறுவனம் ஐ.பி.எம்.மை முந்திக்கொண்டு 386 கணினியை வெளியிட்டது. இதன் பிறகு கணினியின் தலைவிதியைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் ஐ.பி.எம். பெயரா, உள்ளே இருக்கும் சில்லா என்ற கேள்வி எழுந்தது.

சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி

1980களின் இறுதியில் இன்டெலுக்கு ஒரு விசித்திரமான சங்கடம். 386 நன்றாக இருந்தும் மக்கள் 286 கணினிகளையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். 286ஐச் செய்பவர்களோ பலர். 386ஐச் செய்வது இன்டெல் மட்டும். விலை குறைந்த 386எஸ்எக்ஸ் 1988இல் வந்தும் நிலைமை உடனே மாறவில்லை.

அப்போது டென்னிஸ் கார்ட்டர் என்ற அதிகாரியின் முயற்சியில் 1989இல் ஒரு விளம்பரம் வந்தது. 286 என்ற எண்ணின் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி! தன் சொந்தப் பொருளையே அடித்துக் காட்டும் விளம்பரம். நிறுவனத்துக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பலன் கிடைத்தது. சில்லு என்றால் என்னவென்றே தெரியாத ஆட்கள் கூடக் கடையில் போய் '386 இருக்கிறதா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பொறியாளர்களுக்கு மட்டும் விளம்பரம் செய்து வந்த ஒரு நிறுவனம் நேரே பொதுமக்களிடம் பேசியது.

இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மக்கள் கற்றுக்கொண்ட பெயர் 'இன்டெல்' அல்ல, '386'. ஏ.எம்.டி. தானே முயன்று 386க்கு இணையான ஒரு சில்லைச் செய்து அதற்கு 'ஏஎம்386' என்று பெயர் வைத்தது. இன்டெல் காசு கொட்டிப் பிரபலமாக்கிய எண் போட்டியாளரின் சில்லின் மேல் ஏறிவிட்டது.

இன்டெல் நீதிமன்றம் போனது. 386 தன் வணிகச் சின்னம், அதை மற்றவர் பயன்படுத்தக்கூடாது என்று வாதாடியது. கலிபோர்னியாவின் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி வில்லியம் இங்கிராம் 1991 மார்ச்சில் தீர்ப்பளித்தார். 386 என்பது பொதுப்பெயராகிவிட்டது, யாருக்கும் தனிச் சொத்தல்ல என்பது தீர்ப்பு. அதே மாதம் ஏ.எம்.டி.யின் 386 சந்தைக்கு வந்தது. பின்னர் அதன் 40 மெகாஹெர்ட்ஸ் வகை, இன்டெலின் 33 மெகாஹெர்ட்ஸ் 386ஐவிட வேகமாக ஓடியது.

'எண்களுக்கு வணிகச் சின்ன உரிமை கிடையாது' என்று பலரும் இந்தத் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. லீவைஸ் நிறுவனத்தின் '501' ஜீன்ஸ் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம். அதுவும் எண்தான். கேள்வி எண்ணா எழுத்தா என்பது அல்ல. அந்தக் குறியைக் கேட்டதும் வாங்குபவர் ஒரு நிறுவனத்தை நினைக்கிறாரா அல்லது ஒரு வகைப் பொருளை நினைக்கிறாரா என்பதே சட்டம் பார்ப்பது. 8086 முதல் 286 வரை பலரும் ஒரே எண்ணில் விற்க இன்டெலே அனுமதித்திருந்தது. பத்தாண்டுப் பழக்கத்தை ஒரு வழக்கில் மாற்ற முடியவில்லை.

உள்ளே இருப்பது யார்?

எண் கைவிட்டுப் போனதும் இன்டெல் இரண்டு காரியங்கள் செய்தது. முதலாவது, நிறுவனத்தின் பெயரை மக்கள் மனதில் பதிய வைப்பது. 1991இல் தொடங்கிய 'இன்டெல் இன்சைட்' திட்டம் அதற்காகத்தான்.

இந்தத் திட்டத்தின் சூட்சுமம் பணத்தில் இருந்தது. கணினி செய்யும் கம்பெனிகள் இன்டெலிடம் வாங்கும் சில்லுகளின் விலையில் ஒரு பங்கு தனி நிதியாக ஒதுக்கப்படும். அவர்கள் தங்கள் விளம்பரத்தில் இன்டெல் இன்சைட் சின்னத்தைப் போட்டால் விளம்பரச் செலவின் ஒரு பகுதி அந்த நிதியிலிருந்து கிடைக்கும். சின்னக் கம்பெனிகளுக்கு இது வரப்பிரசாதம். யாருக்கும் தெரியாத கணினியின் மேல் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முத்திரை கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 300 நிறுவனங்கள் சேர்ந்தன. 1994இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் வால்டர் வெர்சோவா அமைத்த சின்ன இசைத்துணுக்கும் சேர்ந்துகொண்டது. கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு பொருளுக்குக் காதில் விழும் அடையாளம் அது.

இரண்டாவது காரியம், அடுத்த செயலிக்கு எவரும் எடுத்துக்கொள்ள முடியாத பெயர் வைப்பது. இதற்கு அவசரமும் இருந்தது. 1992இல் சைரிக்ஸ் நிறுவனம் '486எஸ்எல்சி' என்று ஒரு சில்லை வெளியிட்டது. அது 386எஸ்எக்ஸ் பொருந்தும் இடத்தில் பொருந்தக்கூடியது. 486இன் கட்டளைகள் அதற்குத் தெரியும், ஆனால் இன்டெலின் 486இல் இருந்த பல வசதிகள் இல்லை. 486 என்ற எண்ணை நம்பி வாங்கியவருக்கு என்ன கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை.

பெயர் தேடும் வேலையில் நிறுவன ஊழியர்களிடமும் யோசனை கேட்கப்பட்டது. கலிபோர்னியாவின் லெக்சிகன் என்ற பெயர் வைக்கும் நிறுவனமும் ஈடுபட்டது. டேவிட் பிளாசெக் நடத்திய அந்த நிறுவனம்தான் ஆப்பிளின் 'பவர்புக்', பின்னாளில் 'பிளாக்பெர்ரி' ஆகிய பெயர்களையும் தந்தது. கடைசியில் தேர்வானது பென்டியம். 'பென்டே' என்றால் கிரேக்க மொழியில் ஐந்து. ஐந்தாம் தலைமுறை என்ற பொருள் வந்துவிட்டது. 'இயம்' என்ற ஈறு சோடியம், கால்சியம், மெக்னீசியம் போன்ற தனிமங்களில் வருவது. கணினிக்குள் இருக்கும் அடிப்படைப் பொருள் என்ற உணர்வும் வந்துவிட்டது. எந்த அகராதியிலும் இல்லாத சொல் என்பதால் சட்டப்படி பாதுகாப்பதும் எளிது. 586 என்பது பெயருக்குள் ஒளிந்திருக்கிறது, ஆனால் எடுத்துக்கொள்ள முடியாது!

பழைய தவறு திரும்ப வராமலிருக்க இன்டெல் இன்னொன்றும் செய்தது. தன் விளம்பரங்களிலும் ஆவணங்களிலும் 'பென்டியம் செயலி' என்று சேர்த்தே எழுதி வந்தது. பொருளின் பொதுப்பெயர் 'செயலி', 'பென்டியம்' அதற்கு முன் வரும் அடைமொழி. அடைமொழி தனியே நின்று பொருளின் பெயராகிவிட்டால் 386க்கு நேர்ந்த கதி அதற்கும் நேரும்.

இந்தச் செயலியின் உருவாக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் புனேயில் பிறந்து டெல்லிப் பொறியியல் கல்லூரியில் படித்த வினோத் தாமும் ஒருவர். 'பென்டியத்தின் தந்தை' என்றே அவர் அழைக்கப்படுகிறார். 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சில்லு 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெளிவந்தது.

பெயர் கேட்ட விலை

யானைக்கும் அடி சறுக்கும். 1994இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்கள் பற்றிய தன் ஆராய்ச்சியில் விடைகள் சரியாக வராததைக் கவனித்தார். பல மாதம் சோதித்து, தவறு தன் நிரலில் இல்லை, பென்டியத்தில்தான் என்று கண்டுபிடித்து அக்டோபர் இறுதியில் மற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வகுத்தலுக்காகச் சில்லுக்குள் இருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. சில குறிப்பிட்ட எண்களை வகுத்தால் விடை கொஞ்சம் பிசகும்.

சாதாரணமாகக் கணக்குப் போடுபவருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இந்தப் பிழை வரும் என்றது இன்டெல். துல்லியமான கணக்கு தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் சில்லை மாற்றித் தருவதாகச் சொன்னது. 24 நாளுக்கு ஒரு முறை கூட வரலாம் என்றது ஐ.பி.எம்., தன் பென்டியம் கணினிகளின் விற்பனையையும் நிறுத்தியது. '586 என்று ஏன் பெயர் வைக்கவில்லை தெரியுமா? 486ஓடு 100ஐக் கூட்டிப் பார்த்தார்கள், பென்டியம் 585.999983605 என்று விடை சொன்னது' என்ற நகைச்சுவை இணையத்தில் பரவியது. கடைசியில் டிசம்பர் 20ஆம் தேதி, கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. இதற்காக அது கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர்.

முந்தைய சில்லுகளிலும் பிழைகள் இருந்ததுண்டு. அப்போதெல்லாம் கணினிக் கம்பெனிகளும் பொறியாளர்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இந்த முறை தொலைபேசியில் கோபமாகப் பேசியவர்கள் வீட்டில் கணினி வைத்திருந்த சாதாரண மக்கள். இன்டெலிடமிருந்து நேரடியாக எதையும் வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் பெட்டியின் மேல் இன்டெல் இன்சைட் என்று ஒட்டியிருந்ததே! அப்போது நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி குரோவ் 1996இல் எழுதிய 'ஒன்லி தி பாரனாய்டு சர்வைவ்' என்ற நூலை இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறார். விளம்பரத்தால் மக்கள் தங்களையே பொறுப்பாளியாகக் கருதத் தொடங்கியதைத் தாங்கள் உணரவில்லை என்பது அவர் கற்ற பாடம். யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுபடியும் எண்கள்

பெயர் தப்பிப் பிழைத்தது. ஆறாம் தலைமுறைக்கு வேறு பெயர் வைக்காமல் பென்டியம் ப்ரோ (1995), பென்டியம் 2 (1997), பென்டியம் 3 (1999), பென்டியம் 4 (2000) என்று அதையே நீட்டித்தார்கள். ஐந்து என்ற மூலப்பொருளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விலை குறைந்தவற்றுக்கு 1998இல் செலரான் என்ற பெயர் வந்தது.

போட்டியாளர்கள் கொஞ்ச காலம் '586' என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நெக்ஸ்ஜென் 1994இல் 'என்எக்ஸ்586' வெளியிட்டது. ஏ.எம்.டி. 1995இல் '5எக்ஸ்86' என்று விற்றது உண்மையில் வேகம் கூட்டிய 486. பிறகு ஏ.எம்.டி.யும் பெயர் பக்கம் வந்து 1999இல் 'அத்லான்' என்று வைத்தது. 2001இல் அத்லான் எக்ஸ்பி '1800+' என்று வந்தது. அதன் உண்மை வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ்தான். கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து வேகத்தை அளக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். 2004இல் இன்டெலும் கிகாஹெர்ட்ஸைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு மாதிரி எண்களுக்கு மாறியது.

2006இல் 'கோர்' என்ற பெயர் வந்ததும் பென்டியம் கீழே இறங்கியது. ஒரு காலத்தில் விலை உயர்ந்த கணினியின் அடையாளமாக இருந்த பெயர் மலிவு வகைக்குப் போனது. 2008இல் கோர் ஐ7, அடுத்து ஐ5, ஐ3. இந்த எண்கள் எதையும் எண்ணிச் சொல்லவில்லை. ஐ7 என்றால் ஏழு கருக்கள் அல்ல. 2017 வரை பல மெல்லிய மடிக்கணினிகளில் இருந்த ஐ7இல் இரண்டே கருக்கள், மேசைக் கணினியின் ஐ5இலோ நான்கு! 8085இன் ஐந்தைப் படிக்கத் தெரிந்த காலம் போய்விட்டது. பெயரைப் பார்த்து வாங்குபவர் ஏமாறாமல் இருக்க, முழு மாதிரி எண்ணையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். 2017இல் ஏ.எம்.டி. தன் ரைசன் வரிசைக்கு 3, 5, 7 என்றே வைத்தது. 386 காலத்தில் நடந்ததேதான். எண்ணைப் பூட்டி வைக்க யாராலும் முடியவில்லை.

2022 செப்டம்பரில் இன்டெல், அடுத்த ஆண்டு முதல் மடிக்கணினிகளில் பென்டியம், செலரான் பெயர்களைக் கைவிடுவதாக அறிவித்தது. அவற்றுக்குப் பதில் வந்த பெயர் வெறுமனே 'இன்டெல் செயலி'. 2023இல் 'ஐ' என்ற எழுத்தும் போனது. காசு கொடுத்து, யோசித்து, வழக்குக்குப் பயந்து வைத்த பெயர் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தது.

ஆனால் அந்தப் பழைய எண் ஓயவில்லை. 8086, 286, 386, 486 எல்லாவற்றுக்கும் பொதுவான கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து அந்தக் குடும்பத்துக்கே 'எக்ஸ்86' என்று பெயர் வந்தது. இன்டெல் செய்தாலும் ஏ.எம்.டி. செய்தாலும் அது எக்ஸ்86தான். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் 32 பிட் கணினிகளுக்கான நிரல்களை 'ஐ386' என்ற குறியின் கீழ் நெடுங்காலம் தேடி எடுத்து வந்தார்கள். எந்தக் கம்பெனியும் இதற்கு விளம்பரம் செய்யவில்லை. 1991இல் நீதிபதி சொன்னது இதைத்தான். நிறுவனம் வைத்த பெயரை நிறுவனமே எடுத்துவிடலாம். மக்கள் தங்கள் வேலைக்காக எடுத்துக்கொண்ட பெயரை யாராலும் திரும்ப வாங்க முடியாது.